எழுப்பாமல் விட்ட வீடியோ

மதிவதனி என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டால் மேலக்கரையில் ஒருவருக்கும் சரியாகச் சொல்லத் தெரியாது. "போன்ல என்னமோ போடுது, அதுக்குச் சம்பளம் தர்றாங்களாம்" என்பார்கள். அதில் கொஞ்சம் பெருமையும் நிறையச் சந்தேகமும் இருக்கும். தஞ்சாவூர் கீழவாசல் பக்கம் ஒரு மாடியறை, ஒரு மேசை, சத்தம் போடுகிற ஒரு மின்விசிறி. அங்கே உட்கார்ந்துகொண்டு ஒரு நகைக்கடை, ஒரு பல் ஆஸ்பத்திரி, ஒரு அரிசிக் கடை ஆகியவற்றின் இன்ஸ்டாகிராம், பேஸ்புக் எல்லாவற்றையும் அவள்தான் நடத்திக்கொண்டிருந்தாள். வயது முப்பதைத் தாண்டிவிட்டது. யாராவது கல்யாணப் பேச்சை எடுத்தால் "பகுதி இரண்டு விரைவில்" என்று சொல்லிச் சிரித்துவிட்டு பஸ் பிடிக்கப் போய்விடுவாள்.

வேலை அதுதான், ஆனால் உயிர் அங்கே இல்லை. திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அவளுடைய ஊரான மேலக்கரையில் வைகாசி மாரியம்மன் திருவிழாவுக்கு வருஷம் தவறாமல் ஒரே நாடகத்தைப் போடுவார்கள். கூலிக்கு வந்து ஆடுகிற செட்டு இல்லை, ஊர்க்காரர்களே ஆடுவது. டிராக்டர் ஓட்டுகிறவன் ராஜா, நர்சு வேலை பார்க்கிற பெண் மந்திரி, பள்ளிக்கூட வாத்தியார் பபூன். வேஷத்துக்கு அடிதடி நடக்கும். வெளிநாட்டில் இருக்கிறவன்கூட அந்த வாரம் பார்த்து லீவு போட்டுக்கொண்டு வந்துவிடுவான். மதிவதனி கல்லூரியில் சேர்ந்த வருஷம் அந்த மேடையில் ஏறினாள். இன்னும் இறங்கவில்லை.

கடைக்காரர்களுக்கு அவள் சொல்கிற மார்க்கெட்டிங் பாடமெல்லாம் அந்த மேடையில் கற்றதுதான். 'அன்பார்ந்த வாடிக்கையாளர்களே' என்று யாராவது எழுதிக்கொண்டு வந்தால் அவளுக்குக் கோபம் வந்துவிடும். "திரை தூக்கினதும் வணக்கம் சொன்னா எங்க ஊர்ல பாதிக் கூட்டம் டீ குடிக்க எழுந்து போயிடும் சார். உள்ள வரும்போதே அழுதுகிட்டு வரணும், இல்லன்னா அடிச்சுகிட்டு வரணும்" என்பாள். "மேடையில நின்னா கூட்டத்தோட முகம் தெரியாது. ஆனா கடலை உடைக்கிற சத்தம் கேக்கும். அது எப்ப நிக்குதோ அப்பதான் அவங்க நம்ம கைக்கு வந்தாங்கன்னு அர்த்தம்" என்பாள். எல்லாவற்றுக்கும் மேலாக ஒன்று சொல்வாள்: முன்வரிசைக்காரனுக்காகப் பேசாதே, கடைசியில் புளியமரத்தடியில் நிற்கிற ஆளுக்குக் கேட்கிற மாதிரிப் பேசு. கேட்டுவிட்டுத் தலையாட்டுவார்கள். அவள் சொன்னபடி செய்தால் வியாபாரம் நடந்தது, அதனால் மறுபேச்சு இல்லை.

நாடகத்தின் கதை சின்னது. வெள்ளத்தில் ஆற்றங்கரை உடைகிறது. ஒருத்தன் உடைப்பில் குறுக்கே படுத்து ஊரைக் காப்பாற்றிவிட்டுச் செத்துப்போகிறான். அவன் தங்கை பிணத்தின் மேல் விழுந்து அழுகிறாள். செத்துப்போகிற வேஷம் மதிவதனியின் அண்ணன் இனியவனுக்கு. அழுகிற தங்கை அவள்தான். வீட்டில் சட்னிக்கு உப்புப் போதவில்லை என்று அடித்துக்கொள்கிற இரண்டு பேரும் அந்தக் காட்சியில் ஊரையே அழவைத்துவிடுவார்கள்.

அந்த நாடகத்துக்கு மட்டும் ஒரு கட்டுப்பாடு உண்டு. செத்த வேஷக்காரனைச் செத்த மேனிக்கே விட்டுவிட்டுத் திரையை இறக்கக் கூடாது. தங்கை ஒரு செம்புத் தண்ணீரை அவன் முகத்தில் தெளித்து, வேஷத்தின் பெயரைச் சொல்லாமல், சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட வேண்டும். "இனியவா, எழுந்திரு!" அவன் எழுந்து நின்று கும்பிட வேண்டும். அதுவரைக்கும் தூங்குகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒரு ஆள் கூட வீட்டுக்குக் கிளம்ப மாட்டார்கள். ஒத்திகையில் கூட அதை விடக் கூடாது. விட்டால் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாது, ஏனென்றால் யாரும் விட்டுப் பார்த்ததில்லை.

இத்தனை வருஷத்தில் அந்த நாடகத்தை ஒரு தடவை கூடப் பார்க்காத ஆள் ஊரில் ஒருத்திதான், அவர்களுடைய அம்மா ரெங்கம்மாள். நாடகத்தன்று காலையிலேயே ஒரு துணிப்பையோடு நாகூருக்குக் கிளம்பிவிடுவாள். அவர்கள் வயல் நெல்லை வாங்குகிற மூஸா பாய் வீடு அங்கே இருந்தது. இரண்டு ராத்திரி அங்கே தங்கி, தர்காவுக்குப் போய்விட்டு, திருவிழா முடிந்த பிறகுதான் திரும்புவாள். கையில் போன் கூட எடுத்துப்போக மாட்டாள், அது வீட்டுச் சார்ஜரிலேயே தொங்கும். பெற்ற பிள்ளை பிணமாகக் கிடப்பதை எந்தத் தாய்தான் பார்ப்பாள் என்று ஊர் சொன்னது. மதிவதனியும் அப்படித்தான் நினைத்தாள்.

நினைத்ததோடு, உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியும் அடைந்தாள். அதற்குக் காரணம் இருந்தது.

அவளுக்கு ஒன்பது வயதில் அப்பா அரசப்பன் செத்துப்போனார். குளித்துவிட்டுத் துண்டைக் கொடியில் போட்டவர், மோட்டார் ஓடவில்லை என்று யாரோ சத்தம் போட்டதும் செருப்புக் கூடப் போடாமல் வயலுக்கு ஓடினார். கொட்டகையில் கரண்ட் அடித்துவிட்டது. கயிற்றுக் கட்டிலில் வைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அம்மா அழுத அழுகையில் சில வரிகள் மதிவதனியின் காதில் ஆணி அடித்த மாதிரி நின்றுவிட்டன. அதற்குள் பக்கத்து வீட்டு அத்தை அவளைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். பிறகு நடந்ததை அவள் பார்க்கவில்லை.

முதல் வருஷ மேடையில் எழுதிக்கொடுத்த ஒப்பாரியைத்தான் பாடினாள். கடலை உடைகிற சத்தம் நிற்கவே இல்லை. மானம் போன ஆத்திரத்தில் வாயில் என்ன வருகிறதென்று தெரியாமலே அம்மாவின் வரிகளை எடுத்து அழுதுவிட்டாள். 'குண்டான்ல சோறு இன்னும் ஆறலையே. கொடியில போட்ட துண்டு இன்னும் காயலையே. என்ன அவசரம் உனக்கு?' அவ்வளவுதான், மைதானம் அடங்கிப்போனது. சத்தம் நின்ற அந்த நொடியில் அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் அதே வரிகள்தான். வயதான பெண்கள் ஒன்றிரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள், ஆனால் ரெங்கம்மாளிடம் போய்ச் சொல்லவில்லை. நல்ல மனசு அவர்களுக்கு.

இந்த வருஷத் திருவிழா சனிக்கிழமை முடிந்தது. ஞாயிறு காலை அரிசிக் கடை குணசேகரன் போன் செய்தார். பாரம்பரிய அரிசி விற்கிற மனிதர், நல்லவர், அவசரக்காரர். "என்னம்மா மதி, நம்ம பக்கத்தை நாய் கூடத் திரும்பிப் பாக்க மாட்டேங்குது. அரிசி மூட்டையையே எத்தனை தடவை போட்டோ எடுத்துப் போடுவே? எதாவது பெருசா பண்ணும்மா!"

நாய் கூட என்று அவர் சொன்னது அவளுக்குச் சுருக்கென்றது. போனில் இருந்த வீடியோக்களைத் தள்ளிக்கொண்டே போனாள். போன வாரம் வாய்க்கால் கரையில் பட்டப்பகலில் எடுத்த ஒத்திகை ஒன்று இருந்தது. அரிதாரம் இல்லை, மேடை இல்லை. சேறு அப்பிய கைலியோடு இனியவன் புல்லில் கிடந்தான். தலைவிரி கோலமாக அவள் அவன் மேல் விழுந்து அழுதாள். பார்த்துக்கொண்டிருந்த அவளே இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தாள். இதைவிடப் பெரிதாக என்ன பண்ண முடியும்?

'என்ன அவசரம் உனக்கு?' என்ற இடத்தில் வெட்டினாள். தண்ணீர் தெளிப்பதும் அவன் எழுந்திருப்பதும் அதற்குப் பிறகு வந்தன. வெட்டும்போது கை ஒரு கணம் நின்றது உண்மை. ஆனால் தொழில் புத்தி குறுக்கே வந்தது. முடிவைக் காட்டிவிட்டால் எவன் திரும்பி வருவான்? எழுந்திருப்பதை நாளைக்குப் போடலாம், ஒரு நாளில் என்ன குடி முழுகிவிடும் என்று நினைத்தாள். கீழே எழுதினாள்: 'சோறு போட்டவனை மறக்காதீர்கள். பகுதி இரண்டு நாளை.' கடையின் பெயரையும் முகவரியையும் போட்டாள். போட்டுவிட்டுத் தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கப் போனாள். சாயங்காலம் பார்த்தபோது சில ஆயிரம் பேர் பார்த்திருந்தார்கள். சந்தோஷமாகப் படுத்துத் தூங்கினாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் பாதி வழியில் குணசேகரனின் போன் வந்தது. மனிதர் குரலே மாறிப்போயிருந்தது.

"மதி, கடை வாசல்ல மாலை வெக்கிறாங்கம்மா!"

"என்ன மாலை சார்?"

"பொணத்துக்கு வெக்கிற மாலை! நாலஞ்சு பேர் வந்து நிக்கிறாங்க. ஒருத்தர் கண்ணைத் துடைச்சுக்கிட்டு, 'அந்தத் தம்பிக்குக் காரியம் எப்ப'ன்னு கேக்கறாரு. யாருக்குக் காரியம்? என்னத்தைப் போட்டுத் தொலைச்சே நீ?"

அவள் போனைத் திறந்தாள். எத்தனை லட்சம் என்று எண்ணிப் பார்க்கிற நிலையில் கண் இல்லை. அவளுடைய வீடியோவை யார் யாரோ எடுத்து, அவள் எழுதியதை வெட்டிவிட்டு, தாங்கள் எழுதியதை ஒட்டியிருந்தார்கள். 'டெல்டாவில் இளம் விவசாயி பலி.' 'தஞ்சை அருகே சோகம், கதறும் தங்கை.' பகுதி இரண்டு என்ற வார்த்தை எதிலுமே இல்லை. ஒரு ஊர் இளைஞர் மன்றத்தார் இனியவனின் முகத்தை வீடியோவிலிருந்து எடுத்து, இரண்டு பக்கமும் மெழுகுவர்த்தி வைத்து, 'கண்ணீர் அஞ்சலி' என்று போஸ்டரே செய்துவிட்டார்கள். தன் அண்ணன் முகத்துக்குக் கீழே 'மறைவு' என்ற எழுத்தைப் பார்த்ததும் அதைக் கட்டைவிரலால் மறைத்தாள். பக்கத்து சீட்டு அம்மாள் எட்டிப் பார்த்துவிட்டு, "பாவம், நேத்துலேருந்து இதைத்தான் பாத்துகிட்டிருக்கோம். நல்ல பையனா தெரியறான்" என்று உச்சுக் கொட்டினாள்.

அந்த நல்ல பையன் அப்போது தஞ்சாவூர் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே, 'குட்டி யானை' என்று எல்லோரும் சொல்கிற தன்னுடைய சின்ன லோடு வண்டியில் சாய்ந்துகொண்டு வடை தின்றுகொண்டிருந்தான். நாகூர் பஸ்ஸில் அம்மா வருவாள், மூட்டை முடிச்சோடு அழைத்துக்கொண்டு போகலாம் என்று வந்திருந்தான்.

பஸ்ஸை விட்டு இறங்கி ஓடிவந்து அவள் போனைக் காட்டியதும் அவன் முதலில் சிரித்தான். "என் சாவுக்கு இவ்வளவு கூட்டமா? என் கல்யாணத்துக்குக் கூட இவ்வளவு வராதே!" என்றான். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"அம்மா எப்ப ஏறினாங்க?" என்றாள் அவள்.

"விடியக்காலையிலயே. ஏன்?"

அவள் மூஸா பாய்க்குப் போன் போட்டாள். "நானேதான்மா பஸ் ஏத்திவிட்டேன். ஜன்னலோரமா உக்காந்தாங்க. வந்துடுவாங்க" என்றார் அவர். அவர் இன்னும் எதையும் பார்க்கவில்லை என்பது குரலில் தெரிந்தது.

பஸ் வந்தது. எல்லோரும் இறங்கினார்கள். கடைசி ஆள் இறங்கிய பிறகும் அண்ணனும் தங்கையும் படிக்கட்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். இனியவன் உள்ளே ஏறிப் போய், காலியான சீட்டுகளைப் பார்த்துவிட்டு இறங்கினான். கண்டக்டர் ஒரு துணிப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இறங்கி வந்தார். ரெங்கம்மாளின் பைதான் அது. வாயில் அவள் முடிச்சுப் போட்டிருந்த விதமே போதும்.

"இது யாரோட பைன்னு தெரியுமா?" என்று கேட்டபடி வந்த கண்டக்டர் இனியவனை ஏறிட்டுப் பார்த்தார். கையிலிருந்த பை நழுவி விழுந்தது. "தம்பி... நீங்க..." என்று அவர் இரண்டடி பின்னால் போனார்.

"நான் சாகலைங்க. எங்கம்மா எங்க?"

நடந்ததை அவர் சொன்னார். நாகப்பட்டினம் தாண்டியதும் முன்சீட்டில் ஒரு பையன் போனில் அந்த வீடியோவைப் போட்டான். சத்தமாகப் போட்டான், பஸ்ஸே கேட்டது. "அந்த அம்மா ஜன்னல் பக்கம் பாத்துகிட்டிருந்தவங்க அப்படியே திரும்பினாங்க. கத்தலைங்க. அழுவக்கூட இல்ல. போன்ல அந்தப் பொண்ணு 'என்ன அவசரம் உனக்கு'ன்னு முடிச்சுதா? இவங்க அதுக்கு அடுத்த வரியைச் சொன்னாங்க."

"என்ன வரி?" என்றாள் மதிவதனி. கேட்காமல் இருந்திருக்கலாம்.

"'செருப்பு வாசல்ல கிடக்கே, வெறுங்காலோட எங்க போறே'ன்னு. மெதுவா, பேசற மாதிரி சொன்னாங்க. அப்புறம் திருவாரூர் வந்ததும் இறங்கிட்டாங்க. பையைக் கூட எடுக்கல. கூப்பிட்டேன், திரும்பிப் பாக்கல."

மதிவதனி அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வீடியோவில் அந்த வரி இல்லை. அதற்கு முன்னாலேயே அவள் வெட்டியிருந்தாள். மற்றவர்களுக்கு அது யாரோ ஒரு பெண் அழுகிற அழுகை. ரெங்கம்மாளுக்கு அது தன் வாயிலிருந்து, தன் புருஷன் பிணத்தின் மேல் விழுந்த அழுகை. தன் பெண்ணின் குரலில் அந்த வரிகள் வருகின்றன என்றால் எதிரே ஒரு பிணம் கிடந்தே ஆக வேண்டும். நாடகம் என்று அவளுக்கு எப்படித் தோன்றும்? நாடகத்தில் தன் வரிகள் இருப்பதே அவளுக்குத் தெரியாதே.

"போலீஸ்ல சொல்லலாம் வா" என்று இனியவன் கையைப் பிடித்து இழுத்தான்.

"சொல்லலாம். அதுக்கு முன்னாடி இன்னொண்ணு" என்று எழுந்தாள். "அம்மா இப்ப எந்த டீக்கடையில, எந்த மரத்தடியில நிக்கிதோ தெரியல. அங்கயும் யாராவது இதைத்தான் பாத்துகிட்டிருப்பான். போன்லேருந்து வந்தது போன்லயே போவட்டும்."

அங்கேயே லைவ் போட்டாள். "வணக்கம், நேற்று நான் போட்ட வீடியோ ஒரு நாடக ஒத்திகை..." என்று ஆரம்பித்தாள். வந்தவர்கள் வந்த வேகத்தில் போனார்கள். பதற்றத்தில் தன் பாடத்தையே மறந்துவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. வணக்கம் சொன்னால் யார் நிற்பார்? இனியவனைப் பார்த்து, "படு" என்றாள்.

"என்னது?"

"படுடா!"

பஸ் நிலையத்தின் அழுக்குத் தரையில், வண்டி எண்ணெய் பட்ட இடத்தில், அவன் மல்லாந்து படுத்தான். கண்டக்டர் போனைப் பிடித்துக்கொண்டார். அவர் கையிலிருந்த தண்ணீர் பாட்டிலை வாங்கி அண்ணன் முகத்தில் ஊற்றி, மதிவதனி கூப்பிட்டாள். மைக் இல்லாமல் புளியமரம் வரைக்கும் கேட்கிற குரல் அது. "இனியவா, எழுந்திரு! அம்மா தேடுது, எழுந்திரு!" கும்பகோணம் பஸ்ஸுக்கு நின்றவர்கள், பூ விற்கிறவள், டிரைவர்கள் எல்லோரும் ஓடி வந்து கூடினார்கள். இனியவன் எழுந்து நின்று, போனைப் பார்த்துக் கும்பிட்டான். கும்பிட்டபடியே, "அம்மா, நான் நல்லாருக்கேம்மா" என்று சொல்லி அழுதுவிட்டான். மேடையில் அவன் ஒருநாளும் அழுததில்லை.

எத்தனை பேர் பார்த்தார்கள் என்று மதிவதனி பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குப் பகீரென்றது. செத்ததைப் பார்த்தது லட்சக்கணக்கில். எழுந்ததைப் பார்த்தது ஒரு டவுன் பஸ்ஸில் அடங்கிவிடும். அதிலும் ஒருவர், 'ஏமாத்துப் பேர்வழிகள்' என்று எழுதிவிட்டுப் போயிருந்தார். இத்தனை வருஷம் கடைக்காரர்களுக்கு அவள் சொல்லிக்கொடுத்த வித்தை முழுக்க அந்த இரண்டு எண்ணிக்கைகளுக்கு நடுவில் பல்லிளித்தது. அழ வைப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தாளே தவிர, அழுதவர்களை வீட்டுக்கு அனுப்புவது எப்படி என்று ஒருவருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை. மேடை அதையும் சேர்த்துத்தான் அவளுக்குக் கொடுத்திருந்தது. அவள்தான் பாதியை எடுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

மூஸா பாய்க்குத் திரும்பவும் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னாள். லைவையும் அனுப்பினாள். அவர் "யா அல்லா" என்றதோடு போனை வைத்துவிட்டார். குட்டி யானையில் அண்ணனும் தங்கையும் திருவாரூர் ரோட்டில் ஓடினார்கள். இரண்டு பக்கமும் அறுவடை முடிந்த வயல்கள் வெறுமையாகக் கிடந்தன. இடையில் ஒரு பாலத்தடியில் யாரோ வெள்ளைச் சேலை உடுத்தி உட்கார்ந்திருப்பதைப் பார்த்து இனியவன் பிரேக் போட்டான். அம்மா இல்லை, ஆடு மேய்க்கிறவள். வாய்க்கால் வரும்போதெல்லாம் மதிவதனி கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மனசில் என்ன ஓடியது என்று சொல்ல வேண்டியதில்லை. திருவாரூர் பஸ் நிலையத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. அங்கிருந்து போலீஸ் ஸ்டேஷனுக்கு வழி கேட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூஸா பாய் கூப்பிட்டார்.

"அம்மா இங்கதான் இருக்காங்க. தர்காவுல. திரும்பி இங்கயே வந்துட்டாங்க போல."

"பேசுறாங்களா பாய்? வீடியோவைக் காட்டினீங்களா?"

"காட்டினேன். பாத்தாங்க. மறுபடி காட்டச் சொல்லிப் பாத்தாங்க. ஆனா ஒரு வார்த்தை பேசல. நீங்க பொறுமையா வாங்க. ஆனா வாங்க."

பிற்பகல் வெயிலில் நாகூர் போய்ச் சேர்ந்தார்கள். தர்கா வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள். குளக்கரையில் மூஸா பாய் கையைக் காட்டினார். படியில் மொட்டை அடித்த நாலைந்து பேர் தலையில் சந்தனம் பூசிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மதிவதனி அவர்களைத் தாண்டிப் போய் அம்மாவைத் தேடினாள். பின்னால் வந்த இனியவன்தான் நின்றான்.

"மதி" என்றான்.

திரும்பிப் பார்த்தாள். ரெங்கம்மாளுக்கு இடுப்புக்குக் கீழே தொங்குகிற முடி. அரசப்பன் போன பிறகு பூ வைக்காவிட்டாலும், எண்ணெய் தடவிச் சீவிக் கொண்டை போடுவதை அவள் விட்டதில்லை. அந்த முடி இல்லை. சந்தனம் காய்ந்து வெடித்த மொட்டைத் தலைக்குக் கீழே அம்மாவின் முகம் வேறு யாருடைய முகமோ மாதிரி சின்னதாக இருந்தது. மதிவதனி அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாள்.

ரெங்கம்மாள் பிள்ளையின் முகத்தைப் பார்க்கவில்லை. அவன் கால்களைப் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"செருப்பு எங்கடா?"

"வாசல்ல கிடக்கும்மா. தர்காவாச்சே, கழட்டிட்டு வந்தேன்."

அவன் பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். சூடு இருக்கிறதா என்று பார்க்கிறவள் மாதிரி கணுக்கால், முழங்கால், கை, கழுத்து என்று தடவிக்கொண்டே போனாள். இனியவன் சின்னப் பிள்ளையாட்டம் நின்றான். வெகுநேரம் கழித்து அவளுக்கு மூச்சு ஒழுங்காக வந்தது.

"முடியைத் தர்றேன், புள்ளையைத் திருப்பிக் குடுன்னு ஆண்டவர்கிட்ட கேட்டேன்" என்றாள். "குடுத்துட்டாங்க."

"அம்மா, அது நாடகம்மா" என்று மதிவதனி தேம்பினாள். "அவன் சாகவே இல்ல. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். எழுந்திரிக்கிறதை வெட்டிட்டேன். இன்னிக்குப் போடலாம்னு..."

"உனக்கு நாடகம். எனக்குத் திருவாரூர்லேருந்து இந்தக் குளம் வரைக்கும் அவன் செத்துத்தான் கிடந்தான்." குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் மதிவதனி தாங்கியிருப்பாள். "அந்த வார்த்தையெல்லாம் உனக்கு யாரு குடுத்தா?"

"நீ அழுததுதாம்மா. எனக்கு ஞாபகம் இருந்துச்சு."

"அது உங்கப்பனுக்கு நான் குடுத்தது. நீ ஊருக்கெல்லாம் குடுத்துட்டே." குளத்தின் பக்கம் கையைக் காட்டினாள். "நான் எதுக்குடி வருஷா வருஷம் இங்க ஓடி வர்றேன்?"

"அண்ணன் செத்துக் கிடக்கறதைப் பாக்க முடியாம."

ரெங்கம்மாள் இல்லையென்று மொட்டைத் தலையை ஆட்டினாள்.

"அதைப் பாத்துடுவேன். பாக்காத சாவா? உங்கப்பனைக் கட்டில்ல கொண்டாந்து இறக்கினப்ப நானும் ஒரு செம்புத் தண்ணியை மூஞ்சில தெளிச்சேன். உங்க நாடகத்துல பண்றாங்களே, அதே மாதிரிதான். அதுவரைக்கும் அந்த மனுசன் பேரை என் வாயால சொன்னதில்ல. அன்னிக்குச் சொன்னேன். தொண்டை கிழியச் சொன்னேன். 'அரசப்பா, எழுந்திரு'ன்னு கூப்பிட்டேன். நீ அப்ப அங்க இல்ல, உன்னைத் தூக்கிட்டுப் போயிட்டாங்க." அவள் மூச்சு வாங்கினாள். "சாவறதைப் பாக்கப் பயந்து நான் வரலடி. எழுந்திரிக்கிறானே, ஊரே கை தட்டுதே, அதைப் பாக்க முடியாமத்தான் வர்றேன். இன்னிக்கு பாய் போன்ல பாத்துட்டேன். நீ கூப்பிட்டே, எழுந்திரிச்சுட்டான். நான் கூப்பிட்டப்ப எழுந்திரிக்கல."

மதிவதனி வாயைத் திறந்தாள். பஸ் நிலையம் முழுக்கக் கேட்ட அந்தக் குரல், கை எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்குக் கூடக் கேட்கிற மாதிரி வரவில்லை. கையில் போன் அதிர்ந்தது. குணசேகரன் எழுதியிருந்தார்: 'மாலையெல்லாம் எடுத்தாச்சு. ஆர்டர் குவியுதும்மா. பகுதி ரெண்டு எப்ப?'

அவள் போனைத் தரையில் கவிழ்த்து வைத்துவிட்டு, அம்மாவின் தலையில் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்த சந்தனத்தை முந்தானையால் துடைக்க ஆரம்பித்தாள்.